கிணற்றுக்கட்டில் வைத்த தண்ணீர்

"எனக்கு நோன்பு கடமையா, இல்லையா?"

திருகோணமலைச் சோனகவாடியில் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு பாயிஸ் இப்படிக் கேட்டான். பின்னாளில் இந்தக் கதையைக் கேட்டு எழுத உட்கார்ந்த நேரத்தில் பேனா இந்த இடத்தில்தான் நின்றது. கடமை என்று சொன்னால் அவன் உடம்பு தாங்காது. கடமையில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் புத்தி பேதலித்தவனுக்கு நோன்பு கடமையில்லை என்பது அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனின் முகத்தைப் பார்த்து, அவனுடைய தாயும் தங்கையும் கேட்க, நீ பைத்தியம் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

அவன் கேட்டது மாகிரட்டிடம்.

மாகிரட் பாலையூற்றைச் சேர்ந்த கிறிஸ்தவ வேதக்காரப் பெண். அந்த வருடம், 1976இல், அவருக்கு நாற்பத்துநான்கு வயது. கொழும்புப் பக்கத்தில் மனநோயாளர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினான்கு வருடம் நோயாளரைப் பராமரிக்கிற அற்றெண்டனாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மாதம் ஒருமுறை திருகோணமலைக்கு வந்து மனநோயாளரைப் பார்க்கிற டொக்டர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "குளிசை எழுதுறது என்ர வேலை. அது வயித்துக்குள்ள போகுதோ, ஓட்டுக்கு மேல போகுதோ எண்டு பார்க்க வீட்டுக்கு ஒராள் வேணும்" என்று சொல்லி, ஐந்தாறு பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர். அன்றிலிருந்து மாகிரட்டுக்கு அதுவே வேலையாகிவிட்டது. அந்த வீடுகளுக்குப் போய் அவர்களோடு பகலைக் கழிப்பார். குளிசையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். நகம் வெட்டுவார், சீப்பால் தலை இழுப்பார். கூடவே நடந்து போய் பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு திரும்பப் பழக்குவார்.

பாலையூற்று பஸ்ஸில் அவரை எல்லாருக்கும் தெரியும்.

"மிஸ்ஸி, இண்டைக்கு ஆருக்குப் பைத்தியம்?" என்று கொண்டக்டர் கேட்பான்.

"நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேக்கிற ஆளுக்கு" என்பார் மாகிரட். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கொண்டக்டரும் சிரிப்பான். மறுநாளும் அதையே கேட்பான்.

அவருக்கென்று இரண்டு பழக்கங்கள் இருந்தன. எவ்வளவு சிறியவராக இருந்தாலும் நோயாளியை நீங்கள் என்றுதான் சொல்வார். இரண்டாவது, மத்தியானச் சாப்பாட்டை அவர்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிடுவார். சாம்பல்தீவில் குணேஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். இரண்டு வருடமாக மனிதர் முன்னால் சோறு தொடாதவள். மாகிரட் பன்னிரண்டு நாள் அவளுடைய அறை வாசலில் இருந்து தனியாகச் சாப்பிட்டார். பதின்மூன்றாம் நாள் அவள் வந்து, "இந்தக் கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்தாள். சாப்பிடுகிறபோதுதான் ஆளைப் பார்க்கலாம் என்று மாகிரட் சொல்வார். கை நடுக்கம், நாக்கின் நிறம், எதைக் கண்டு பயம், எதில் ஆசை, எல்லாம் ஒரு பிடி சோற்றில் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் படித்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது அவருடைய வீட்டில் வந்தது. 1949இல் அவருக்குப் பதினேழு வயது. அண்ணன் பேணாட்டுக்கு இருபத்தொன்று. புத்தி பேதலித்த பேணாட்டைப் பின்னறையில் விட்டுப் பூட்டியிருந்தார்கள். கதவின் கீழ்ப்பலகை ஒன்றைக் கழற்றி, அந்த இடைவெளியால் சோற்றுக் கோப்பையைத் தள்ளுவது மாகிரட்டின் வேலை. சீமெந்துத் தரையில் கோப்பை உரசிக்கொண்டு போகும். பிறகு வெறுங்கோப்பை உரசிக்கொண்டு திரும்பி வரும். ஒருமுறை நாலு நாளாக அது திரும்பி வரவில்லை. அண்ணனுக்குக் கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். கதவைத் திறந்தபோது நாலு கோப்பைகள் வரிசையாக இருந்தன, ஒன்றிலும் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு பேணாட் ஐந்து நாள்தான் இருந்தான். அந்த உரசல் சத்தம் மாகிரட்டின் காதை விட்டுப் போகவேயில்லை. இருபத்தேழு வருடமாக, காரணம் இல்லாமல், எந்த வீட்டிலும் எந்த நேரத்திலும் அது கேட்கும். அதைப் பற்றி யாரிடமும் பேசாமல், கேட்டதும் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

பாயிஸின் வீட்டுக்கு அவர் போகத் தொடங்கியது 1975 தையில்.

பாயிஸின் தகப்பன் அபூதாஹிர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் இயக்குகிறவர். தேயிலைக் கப்பல் வந்தால் மூன்று நாளைக்கு வீடு தெரியாது. தாயின் பெயர் சித்தி பரீதா. தங்கை அசனாவுக்குப் பதினேழு வயது. பாயிஸ் உயர்தர வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை. பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் கிணற்றடிக்குக் குளிக்கப் போனவன் குளிக்காமல் திரும்பி வந்து, "உம்மா, கிணத்துக்க ஒரு ஆள் இருக்கார்" என்றான்.

ஒருவரும் இல்லை. அபூதாஹிர் இறங்கியே பார்த்தார். அந்தக் கிணறு அவருடைய தகப்பன் வெட்டியது. அதில் விழுந்து செத்தவர் என்று யாரும் இல்லை, அந்த வளவில் அதற்கு முன் குடியிருந்தவர்களும் இல்லை. சொல்லுவதற்கு ஒரு பழைய கதைகூட இல்லாததுதான் சித்தி பரீதாவைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. அந்த ஆள் பாயிஸிடம் மெதுவாகத்தான் பேசுவாராம். பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாராம்: என்னுடைய தண்ணீரை நீ குடிக்காதே.

பாயிஸ் தண்ணீரை விட்டான். பிறகு தேத்தண்ணியை விட்டான். உதடு வெடித்து, கண் குழிந்து, பேச்சுக் குழறியபோது அபூதாஹிர் அவனைத் தெற்கே நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரிகாரியாரின் வளவுக்குக் கொண்டு போனார். அங்கே மரத்துக்கு மரம் சங்கிலி. நாலு மாதம் கழித்து அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது கணுக்கால் இரண்டிலும் வளையம் வளையமாகக் கறுத்திருந்தது. அந்தக் கால்களை யாரும் பார்க்கக்கூடாது என்று அவன் சாரத்தை இழுத்து இழுத்து விடுவான். அபூதாஹிர் கெட்ட மனிதர் அல்லர். அந்த நாலு மாதமும் அவர் சோறு இறங்காமல் மெலிந்தார் என்று சித்தி பரீதா சொல்வார். ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. "இன்னொரு தரம் விழுந்தானெண்டா அங்கதான். இந்த முறை திருப்பிக் கூட்டி வரமாட்டன்" என்று மாகிரட்டிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மாகிரட் வந்து ஆறு மாதத்தில் பாயிஸ் அவரோடு இருந்து சாப்பிட்டான். எட்டு மாதத்தில், சாப்பாட்டின் முடிவில், ஒரு செம்பு தண்ணீர் குடித்தான். குடிக்க முன் கிணற்றுப் பக்கம் பார்ப்பான். மாகிரட்டும் அந்தப் பக்கம் பார்ப்பார். அந்த ஆள் இருக்கிறார் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "நான் குடிக்கிறன் தம்பி, நீங்களும் குடியுங்கோ" என்பதோடு சரி. டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிய ஒரு விஷயம் அவர் மனதில் இருந்தது: இந்தக் குளிசை குடிக்கிற ஆளுக்கு வாய் காயும், வெயில் ஒத்துக்கொள்ளாது. சுடுகிற கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீர் குறைந்தால் ஆள் விழும்.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வருடம் நோன்பு வந்தது. தலைப்பிறை பார்க்க இருந்த அன்று பின்னேரம் மாகிரட் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பாயிஸ் முற்றத்துக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

சித்தி பரீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அசனா நிலத்தைப் பார்த்தாள்.

"நீங்க மருந்து தாற ஆள். அதான் உங்களிட்ட கேக்கிறன்" என்றான் பாயிஸ்.

மாகிரட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனால் அந்த முகங்களைப் பார்த்ததும் இது உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று விளங்கிவிட்டது. "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார்.

"ஊர் முழுக்கப் பிடிக்குது. மூணு வருசமா நான் பகல்ல திண்டுகொண்டு இருக்கிறன்."

"அப்ப பிடிச்சுப் பாருங்கோ தம்பி. ஏலாமப் போனா விட்டிடலாம்."

சித்தி பரீதா வாசல்வரை வந்து மாகிரட்டின் கையைப் பிடித்தார். "அக்கா, என்ர புள்ள மனிசரோட சேர்ந்திட்டான்" என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது. மாகிரட்டுக்கும் மனம் நிறைந்துதான் போனது. காலையும் மத்தியானமும் இரவும் கொடுக்கிற குளிசைகளை இரண்டு நேரமாக்கி, விடிய முன் ஸஹர் சாப்பாட்டோடு ஒரு பங்கு, நோன்பு திறந்த பிறகு ஒரு பங்கு என்று சித்தி பரீதாவிடம் பிரித்துக் கொடுத்தார். டொக்டர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. அது பிழை என்றே யாருக்கும் தோன்றவில்லை.

நோன்பு பிடிக்கிறவர்களின் முன்னால் இருந்து சாப்பிடுவது மரியாதையில்லை. இது திருகோணமலையில் எந்தச் சமயத்தவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லாத பழக்கம். மாகிரட்டும் அந்த மாதம் அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வருவார். பாயிஸோடு இருப்பார், நடப்பார், அவன் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்தால் பக்கத்தில் இருந்து பார்ப்பார். மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுவார். ஒரு வருடத்துக்கு மேலாக அவனை எந்தப் பாயில் இருந்து கவனித்தாரோ அந்தப் பாய் சுருட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. அவன் சாப்பிடுவதையோ குடிப்பதையோ அவர் ஒரு தரமும் காணவில்லை.

உதடு வெடித்திருந்தது. அந்த மாதம் அந்தத் தெரு முழுவதற்கும் அதே உதடுதான். பகலில் சோர்ந்து படுத்தான். எல்லாரும் படுத்தார்கள். பேச்சுக் குறைந்தது. நோன்பில் பேச்சைக் குறைப்பது நல்லதுதானே என்று சித்தி பரீதா சந்தோஷப்பட்டார்.

பதினாலாம் நோன்பு அன்று மத்தியானம் பாயிஸ் சுவரோடு சாய்ந்து கண்மூடி இருந்தான். மாகிரட் எதிரே இருந்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை, கோழிகூடச் சத்தம் போடவில்லை. அப்போது அவருக்குக் கோப்பை உரசுகிற சத்தம் கேட்டது. மிகக் கிட்டத்தில், அந்த அறைக்குள்ளேயே கேட்டது. ஒருமுறை தள்ளியது போல, பிறகு நின்றது. திரும்பி வருகிற சத்தம் இல்லை.

மாகிரட் வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டார்.

பத்தொன்பதாம் நோன்பு அன்று பதினொரு மணிக்குப் பாயிஸ் எழுந்து கிணற்றடிக்கு நடந்தான். வெயில் சுட்டது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து எதையோ கேட்டான். பிறகு "ஓம்" என்றான். அந்த ஒரு சொல்லோடு கால் மடிந்து விழுந்தான். மாகிரட் ஓடிப் போய்த் தூக்கியபோது உடம்பு நெருப்பாக இருந்தது. தோலில் ஒரு துளி வியர்வை இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. அந்த வராந்தாவில் வைத்துத்தான், தமையனைக் காக்கா என்று அழைக்கிற அசனா மாகிரட்டிடம் சொன்னாள்.

"மிஸ்ஸி, நோன்பு திறக்கிற நேரம் காக்கா கஞ்சியையும் தண்ணியையும் எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போவார். கை நடுங்கிச் சிந்துது எண்டு வெக்கப்பட்டுத் தனியாப் போறாரெண்டு உம்மா விட்டிட்டா. நானும் ஒரு நாள் பார்த்தனான். தண்ணிப் பேணியைக் கிணத்துக்க கவிழ்த்தார். கழுவுறாராக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"எத்தினை நாளா?"

"முதல் நாளிலயிருந்து."

பத்தொன்பது நாள் அவன் குளிசையை விழுங்குவதற்கு வேண்டிய மிடறையும் ஸஹர் சோற்றின் குழம்பையும் தவிர வேறெதுவும் குடித்திருக்கவில்லை. ஊர் முழுவதும் அல்லாஹ்வுக்காக நோன்பு பிடிக்க, அவன் கிணற்றுக்குள் இருந்தவருக்காகத் தாகத்தோடு இருந்திருக்கிறான். மாகிரட் அந்த வராந்தாவின் வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். பதினாலாம் நோன்பு மத்தியானம் கேட்ட அந்த உரசல் சத்தம் அவர் நினைவுக்கு வந்தது. அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

பாயிஸ் வீடு திரும்பிய அன்று காலை அபூதாஹிர் வேலைக்குப் போகவில்லை. "நாளைக்கு விடிய வேன் வரும். பரிகாரியாருக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு" என்றார்.

"பிழை என்னில" என்றார் மாகிரட். "நான் கவனிக்கேல்ல. அவரைச் சங்கிலிக்கு அனுப்பாதேங்கோ."

"மிஸ்ஸி, நீங்க நல்ல மனிசி. பிழை உங்களிலயும் இல்ல, என்னிலயும் இல்ல. அவன்ர தலையில. அங்க எண்டா வாயைப் பிடிச்சுத் திறந்து ஊத்துவாங்க. உசிராவது மிஞ்சும்."

சித்தி பரீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய், பள்ளிவாசலில் தொழுவிக்கிற ஸைனுலாப்தீன் லெப்பையைக் கூட்டி வந்தார். லெப்பை பாயிஸின் கட்டில் ஓரத்தில் இருந்து அவனுடைய முழங்காலில் கையை வைத்தார். கணுக்கால் தெரிந்தது. பாயிஸ் சாரத்தை இழுத்தான்.

"மகன், நீர் நோயாளி. நோயாளிக்கு இப்ப நோன்பில விலக்கு இருக்கு" என்றார் லெப்பை.

"நோயாளியா, பைத்தியமா?"

லெப்பை மாகிரட்டைப் பார்த்தார். மாகிரட் முன்னே வந்தார். "உங்களுக்கு இருக்கிறது நோய் தம்பி" என்றார். "மண்டையில வாற நோய். காய்ச்சலுக்கு மருந்து மாதிரி அதுக்கும் மருந்து. நான் வாறதும் அதுக்குத்தான். இதை உங்களுக்கு நான் முதல்லயே சொல்லியிருக்கோணும்."

"அப்ப கேளும்" என்றார் லெப்பை. "நோயாளி விட்ட நோன்பைச் சுகமான காலத்தில கழாச் செய்யோணும். ஒவ்வொண்டாப் பிடிச்சு நிறைவேத்தோணும்."

"பைத்தியத்துக்குக் கழா இல்லத்தானே?"

"இல்ல."

"எனக்கு?"

"உமக்கு இருக்கு. இந்த மாசம் மிச்சமிருக்கிற நோன்பு அவ்வளவும் உம்மட தலையில இருக்கு. நான் குறைச்சு விடமாட்டன்."

பாயிஸின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பற்றி மாகிரட் பல தடவை சொல்லியிருக்கிறார். பரீட்சையில் பாஸ் என்று கேட்டவன் போல இருந்தானாம். எல்லா மனிதரையும் போல அவனும் அல்லாஹ்வுக்கு நோன்பு பாக்கி வைத்திருக்கிற ஒருவன்.

சித்தி பரீதா ஓடிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். பாயிஸ் அதை வாங்கினான். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். கிணற்றுப் பக்கம் பார்த்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு விலக்கு. அவருக்கு ஒருத்தரும் சொல்லல்லையே" என்றான். "அவர் நோன்போட இருக்கார். நோன்பாளிக்கு முன்னால வெச்சு எப்படிக் குடிக்கிற?"

லெப்பை எழுந்து நின்றார். அபூதாஹிர் வெளியே போய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். அங்கிருந்தே சொன்னார்.

"சரி. இண்டைக்கு மஃரிபுக்குப் பாங்கு சொல்லட்டும். என்ர கண்ணுக்கு முன்னால ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சானெண்டா வேனைத் திருப்பி அனுப்புறன். இல்லாட்டி ஆரும் என்னைத் தடுக்கப்படாது."

அன்று மாகிரட் மூன்று மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. அந்த வீட்டில் பொழுது படுகிறதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அசனா பாயை விரித்தாள். ஈத்தம்பழம், கஞ்சி, ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர். பாயிஸை நடுவில் இருத்தினார்கள். தகப்பன் எதிரே இருந்தார். காற்று விழுந்துபோயிருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதிவிட்டு நிறுத்தியது.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஒருவரும் கிளாஸைத் தொடவில்லை. எல்லாரும் பாயிஸைப் பார்த்தார்கள்.

"குடி மகன்" என்றார் அபூதாஹிர். அவருடைய குரல் கெஞ்சியது.

"அவர் இன்னும் திறக்கல்ல வாப்பா."

"கிணத்துக்க ஒருத்தனும் இல்லடா."

"இருக்கார். தாகமா இருக்கார்."

பாங்கு முடிந்துவிட்டது. அபூதாஹிர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இருக்கிறார் என்று சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே என்று படித்த மாகிரட்டுக்கு அதற்கு அப்பால் போகத் தெரியவில்லை. நோயாளி கேட்கிற குரலுக்கு ஒருபோதும் தீனி போடாதே என்றும் படித்திருக்கிறார். அப்போது சித்தி பரீதா எழுந்தார். தன் முன்னால் இருந்த தன்னுடைய கிளாஸை எடுத்தார். முற்றத்தைக் கடந்து போனார். கிணற்றுக்கட்டில் அதை வைத்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல, அடக்கமாக, "நோன்பு திறங்க" என்றார். திரும்பி வந்து பாயில் இருந்தார்.

"வந்த ஆளுக்குக் குடுத்தாச்சு. இனி நாங்க குடிக்கலாம்" என்றார்.

மாகிரட் தடுத்திருக்கலாம். அவர் தடுக்கவில்லை.

பாயிஸ் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். அந்த நேரம் எல்லாருமே காது கொடுத்தார்கள் என்று அசனா பிறகு ஒப்புக்கொண்டாள். கப்பி அசையவில்லை, வாளி அசையவில்லை. பாயிஸ் மெதுவாகக் கிளாஸை எடுத்தான். கை நடுங்கிப் பாதி நெஞ்சில் சிந்தியது. மீதியைக் குடித்தான். வெறுங்கிளாஸை நீட்டினான். அசனா நிரப்பினாள். அதையும் குடித்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தங்கள் நோன்பைத் திறந்தார்கள். மாகிரட்டும் காலையிலிருந்து வறண்டிருந்த தொண்டையில் தண்ணீரை விட்டார்.

மறுநாள் விடிய வேன் வந்தது. அபூதாஹிர் வாசலில் நின்று அதைத் திருப்பி அனுப்பினார்.

அவருக்கு மனம் சமாதானமாகவில்லை. "இல்லாத ஒண்டுக்குப் படைக்கிறது குற்றம்" என்று மனைவியிடம் சொன்னார்.

"நான் அதுக்குக் குடுக்கல்ல. என்ர மகனுக்குத்தான் குடுத்த" என்றார் சித்தி பரீதா.

மீதி நோன்பு நாட்கள் முழுவதும் மாகிரட் பொழுது படும்வரை இருந்தார். தினமும் கிணற்றுக்கட்டுக்கு ஒரு கிளாஸ் போனது. தினமும் பாயிஸ் குடித்தான். காலையில் பார்த்தால் கிணற்றுக்கட்டில் இருக்கிற கிளாஸ் வெறுமையாக இருக்கும். காகம் என்றார்கள். ஒரு நாள் அபூதாஹிர் யாருக்கும் தெரியாமல் கிளாஸின் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லும் வைத்தார். விடிந்து பார்த்தபோது சிரட்டையும் கல்லும் வைத்தபடியே இருந்தன. கிளாஸில் தண்ணீர் இல்லை. அதை அவர் மாகிரட்டிடம் மட்டும் சொன்னார்.

"கச்சான் காத்துக்கு வத்தும்" என்றார் மாகிரட்.

"ஒரே ராவிலயா மிஸ்ஸி? சிரட்டையால மூடினதும்?"

மாகிரட் கிணற்றுப் பக்கம் திரும்பினார். "பாயிஸ் எழும்பிப் போய்க் குடிச்சிட்டுத் திரும்ப மூடியிருப்பார். அப்படியெண்டா நல்லந்தானே" என்றார். அவர் அதை நம்பினாரா என்று கேட்டால், நம்ப விரும்பினேன் என்பார்.

பெருநாளைக்குப் பிறகு டொக்டர் வந்தபோது மாகிரட் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குளிசையைப் பிரித்ததையும், பத்தொன்பது நாள் பார்க்காமல் விட்டதையும், கிளாஸ் வைத்ததையும். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதத்திலிருந்து குளிசைக்குப் பதிலாக ஊசி என்று எழுதினார். கிளாஸைப் பற்றி அவர் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

இப்போது 1981. பாயிஸ் பிறகு ஒருபோதும் சங்கிலிக்குப் போகவில்லை. சோனகவாடிப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சில மாதங்கள் நன்றாக இருக்கும், சில மாதங்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டான். நல்ல மாதங்களில், மழைக்காலமாகப் பார்த்து, ஒரு நோன்பு இரண்டு நோன்பு என்று கழாச் செய்கிறான். அன்றைக்கு மாகிரட்டும் வந்து கூட இருப்பார். கிணற்றில் இருப்பவர் போய்விட்டாரா என்று கேட்டால், "இல்ல, இப்ப மெதுவாக் கதைப்பார்" என்று பாயிஸ் சொல்வான். தண்ணீர் வைப்பதைச் சித்தி பரீதா நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை. பிள்ளையை மீட்டுக்கொண்டார்களா, அந்த ஆளுக்கும் வீட்டில் ஓர் இடம் கொடுத்துவிட்டார்களா என்று மாகிரட் இன்றைக்கும் யோசிப்பார். பொழுது படுகிற நேரம் அவர் அந்தக் கிணற்றுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை.

ஆனால் ஒன்றில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதல் நாள் பொழுது படும்போது அவனோடு யாராவது ஒருவர் இருந்திருந்தால் பத்தொன்பது நாள் போயிருக்காது.

நோன்பு, தவக்காலம், கந்தசஷ்டி என்று எல்லாச் சமயத்திலும் வாயைக் கட்டுகிற நாட்கள் இருக்கின்றன. இப்படி நோய் உள்ள இளவயதினர் எல்லாச் சமயத்து வீடுகளிலும் இருக்கிறார்கள், பல வீடுகளில் மூடிய கதவுக்குப் பின்னால். அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை அங்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். விரதம் முடிகிற நேரத்தில் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், பக்கத்தில் இருந்து, தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வாசிக்க வராவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்லட்டும்.